விருந்துக்கு அனுப்பிய பிள்ளைகள்

தாராவி,
21 ஆகஸ்ட் 2024

அன்புத் தம்பி ஸ்டெர்லினுக்கு,

கர்த்தர் கிருபையில் இங்கே எல்லோரும் சுகம், என் ரத்த அழுத்தத்தைத் தவிர. போனில் பேசினால் சிரித்தே மழுப்பிவிடுவாய். அதனால் எழுதி, உன்னிடம் வேலை பழக வரும் ஷாலினியிடம் கொடுத்தனுப்புகிறேன்.

எங்கள் பள்ளியின் தொழிற்பிரிவுப் பிள்ளைகள் ஆறு பேர் வாரத்தில் இரண்டு நாள் உன் கம்பெனிக்கு இரும்பு கடையும் லேத் மெஷினில் பழக வருகிறார்கள். எத்தனையோ கம்பெனி வாசலில் நின்றுவிட்டு, கடைசியில் தம்பி இருக்கிறானே என்று உன்னிடம் வந்தேன். நேற்று என்ன கற்றுக்கொண்டீர்கள் என்று கேட்டால், "மாம்பழ ஜூஸ் குடுத்தாவ டீச்சர்" என்கிறாள் ஷாலினி. போன வாரம் சமோசாவாம். ஏசி ரூமில் உட்காரவைத்து வீடியோ காட்டுகிறீர்களாம். பொன்னாடை போர்த்தாததுதான் பாக்கி.

மார்ச்சில் வெளியிலிருந்து தேர்வாளர் வருவார். ஆளுக்கொரு இரும்புத் துண்டைக் கொடுத்துக் கடையச் சொல்வார். சமோசா தின்னச் சொல்ல மாட்டார்.

உன் அக்கா,
சுனிதா


ஐரோலி,
23 ஆகஸ்ட் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

பிள்ளைகளை நன்றாகக் கவனித்ததற்காக ஏச்சு வாங்கியவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். என் அக்கா அனுப்பும் பிள்ளைகள், ஒரு குறையும் வரக்கூடாது என்று போர்மேன் வேல்ராஜிடம் நானேதான் சொல்லிவைத்தேன். அவர்களை எண்ணெயிலும் இரும்புச் சுருளிலும் நிறுத்தினால் பெற்றவர்கள் என்னைத்தானே கேட்பார்கள்? அந்த வீடியோவும் லேசுப்பட்டதில்லை, ஜெர்மனிக்காரன் எடுத்தது.

நீ கொடுத்துவிட்ட முறுக்கு நன்றாக இருந்தது. கொஞ்சம் பொறுத்துக்கொள்.

தம்பி,
ஸ்டெர்லின்


தாராவி,
18 நவம்பர் 2024

ஸ்டெர்லினுக்கு,

பொறுத்தாயிற்று. தீபாவளி லீவும் முடிந்துவிட்டது. இன்னும் ஒரு பிள்ளைகூட லேத்தை ஓட்டவில்லை.

தசராவுக்கு உன் மெஷின்களைத் துடைத்து மாலை போட்டதெல்லாம் எங்கள் பிள்ளைகள்தான். அதற்கடுத்த வாரம் ஷாலினி சுவிட்ச் பக்கம் கையைக் கொண்டுபோனதும், "ஹாத் மத் லகாவ் பேட்டி, தொடாதம்மா, முதலாளி சேட் ஏசுவாரு" என்று உன் ஆட்கள் கையைப் பிடித்துத் தள்ளிவிட்டார்களாம். மாலை போடத் தொடலாம், வேலை பழகத் தொடக்கூடாது. இது என்ன நியாயம்?

அவள் அப்பா இசக்கிதுரை, இதில் தேறாவிட்டால் படிப்பை நிறுத்தி வாஷியில் துணிக்கடைக்கு அனுப்பிவிடுவேன் என்று முடிவாகச் சொல்லிவிட்டார். அந்தப் பெண்ணோ லேத்தைத் தவிர வேறு பேச்சே பேசுவதில்லை.

விக்ரோலியில் ஒரு பட்டறையில் பேசியிருக்கிறேன். முதலாளிக்கு வாய் ரொம்ப மோசம். ஆனால் மெஷினைத் தொட விடுகிறார். டிசம்பரில் பிள்ளைகளை அங்கே மாற்றிவிடுவேன். தம்பி என்று உன்னிடம் வந்ததுதான் என் தப்பு.

சுனிதா


ஐரோலி,
19 நவம்பர் 2024

அக்கா,

விக்ரோலி வேண்டாம்.

என் இடது கையை நீ பார்க்காதவள் இல்லை. குர்லா பட்டறையில் பிரஸ் மெஷினில் இரண்டு விரலைப் பறிகொடுத்தபோது எனக்கும் பதினேழு வயது. உன் பிள்ளைகள் லேத்துக்குப் பக்கத்தில் போகும்போதெல்லாம் எனக்கு அந்தச் சத்தம் கேட்கிறது. உடனே ஆளைக் கூப்பிட்டு ஜூஸ் வாங்கிவரச் சொல்கிறேன். வேல்ராஜிடம்கூட இதைச் சொன்னதில்லை.

பயமாக இருக்கிறது அக்கா. வேறொன்றும் இல்லை.

ஸ்டெர்லின்


தாராவி,
21 நவம்பர் 2024

அன்புத் தம்பிக்கு,

சயான் ஆஸ்பத்திரியில் உன் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது நான்தான். மயக்கம் தெளிந்ததும் நீ சொன்னது உனக்கு ஞாபகம் இருக்கிறதா? "அந்த மெஷினை எப்படி நிறுத்தணும்னு ஒருத்தரும் சொல்லித் தரலக்கா."

அதைக் காதால் கேட்டதால்தான் இந்த வயதில் கம்பெனி கம்பெனியாக ஏறி இறங்குகிறேன். படிப்பு முடிந்ததும் இவர்களும் எங்கேயோ ஒரு மெஷின் முன்னால்தான் நிற்கப் போகிறார்கள். நிறுத்தத் தெரியாமல் நிற்க வேண்டுமா, சொல்.

உன்மேல் கோபம் குறையவில்லை. எழுதும்போது அழுகையும் வருகிறது. பதில் வராவிட்டால் விக்ரோலிதான்.

அக்கா


ஐரோலி,
22 நவம்பர் 2024

அக்காவுக்கு,

வரும் செவ்வாய்க்கிழமை பிள்ளைகளை அனுப்பு. துப்பட்டா, வளையல் எதுவும் வேண்டாம். முடியை இறுக்கிக் கட்டி, பழைய சட்டையில் வரட்டும். முதலில் நிறுத்தப் பழகட்டும், அதற்குப் பிறகுதான் ஓட்டுவது. வேல்ராஜ் சொல்லித் தருவார். நான் பக்கத்திலேயே நிற்பேன்.

சாயங்காலம் ஷாலினி கையெல்லாம் கறுப்பாக வந்து நின்றால் என்னை ஏசாதே.

ஜூஸ் கிடையாது.

ஸ்டெர்லின்