ஜாக்கியின் எடை

பெண்டிகோ, ஆஸ்திரேலியா, 6 மார்ச் 1994

அன்புள்ள அப்பா,

நலமா? சிறையில் பல்வலிக்கு மருந்து கொடுத்தார்களா? நான் பள்ளிக்குப் போகும் முன் ஹாலரனின் பந்தயக் குதிரை லாயத்தில் வேலை செய்கிறேன். சாணி அள்ளுவதுதான். சனிக்கிழமை ஒரு சுற்று ஓட்டவும் விட்டார். இறங்கியதும், "நல்லாத்தான் ஓட்டுற. ஆனா பதினஞ்சு வயசுலயே என்னைவிட வளந்துட்ட. இது ஜாக்கி உடம்பு இல்லம்மா" என்றார். அம்மாவோ நர்ஸ் வேலைக்குப் படி என்கிறாள். என்னால் ஜாக்கியாகிப் பந்தயத்தில் குதிரை ஓட்ட முடியும்தானே அப்பா?

உங்கள் செல்லம்,
டீகன்

20 மார்ச் 1994

என் ஜாக்கிக்கு,

கட்டாயம் முடியும். பந்தயத்துக்கு முன்னால் எடை குறைவாக இருக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள், உயரத்தை யாரும் அளப்பதில்லை. அம்மா எதற்கெடுத்தாலும் பயப்படுகிறவள். காதில் போட்டுக்கொள்ளாதே. என் அறையில் இருப்பவனிடம், "என் பொண்ணு மெல்போர்ன்ல ஓட்டப்போறா, பாத்துக்கோ" என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

அப்பா

12 ஜூன் 1994

அன்புள்ள அப்பா,

சாப்பாட்டைக் குறைத்துவிட்டேன், எடை இறங்கிக்கொண்டே வருகிறது. பள்ளியில் இரண்டு முறை தலை சுற்றி விழுந்தேன், வேறொன்றுமில்லை. அம்மா தட்டோடு எதிரே உட்கார்ந்து, "ஒரு வாய் சாப்பிடுடி" என்று அழுகிறாள். உங்கள் கடிதத்தைக் காட்டினேன். எழுந்து போய்விட்டாள். அடுத்த ஞாயிறு பார்க்க வருகிறேன்.

டீகன்

20 ஜூன் 1994

டீகன் கண்ணு,

நேற்று நீ உள்ளே வந்தபோது யாரோ என்று நினைத்தேன். நாற்காலியைப் பிடித்துப் பிடித்து உட்கார்ந்தாய். அப்போதே சொல்லியிருக்க வேண்டும். உன்னால் ஜாக்கி ஆக முடியாது. பதினெட்டு வருடம் லாயத்தில் கிடந்தவன் நான். மார்ச்சிலேயே எனக்குத் தெரியும். இங்கிருந்து உனக்குக் கொடுக்க என்னிடம் என்ன இருக்கிறது? அதனால்தான் அப்படி எழுதிவிட்டேன். என்னை என்ன வேண்டுமானாலும் திட்டு. சாப்பிடு, கண்ணு.

அப்பா

3 ஜூலை 1994

அப்பா,

ஆஸ்பத்திரியில் இருக்கிறேன். உங்கள் கடிதம் வருவதற்கு முந்தின நாள் காலை, ஓடும் குதிரையிலிருந்து மயங்கி விழுந்தேன். இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. இதயமும் பலவீனமாகிவிட்டதாம். இனிக் குதிரை ஏறவே கூடாது என்கிறார் டாக்டர்.

ஹாலரன் என்னிடம் உண்மையைச் சொன்னார். அம்மாவும் சொன்னாள். நான் அவர்களை நம்பாமல் உங்களை நம்பினேன்.

சாப்பிடுகிறேன். அம்மா ஊட்டிவிடுகிறாள். நீங்கள் சொன்னதற்காக இல்லை.

இனி எழுத வேண்டாம். எழுதினால் பிரிக்க மாட்டேன்.

டீகன்