எல்லாவற்றுக்கும் ஒரே நோ புரொப்ளம்

காலையில் பெரியகல்லாற்றில் பஸ் ஏறும்போது ஒரு பிள்ளை செருப்புக் காலால் என் காலை மிதித்துவிட்டாள். நகம் பெயர்ந்து இரத்தம் வந்தது. "சொறி அன்ரி" என்றாள். "நோ புரொப்ளம் மகள்" என்று சொல்லிவிட்டு, இடம் பிடித்து இருந்த பிறகுதான் உறைத்தது, என் வாயிலிருந்து வந்தது உங்கள் பேச்சு என்று. நீங்கள் கண்ணை மூடிய பிறகு நம் வீட்டில் அதை யாரும் சொல்வதில்லை.

என்னைக் கட்டிய அடுத்த வருடமே கட்டாருக்குக் கட்டட வேலையில் கம்பி கட்டப் போய், நீங்கள் கொண்டுவந்த இங்கிலீசு அவ்வளவுதான். போர்மன் என்ன சொன்னாலும் அதைத்தான் சொல்ல வேண்டுமாம். ஒருமுறை போனில் உங்கள் குரல் சரியில்லை. என்ன என்று கேட்டேன். நோ புரொப்ளம் என்றீர்கள். ஊருக்கு வந்து சோற்றில் கை வைத்தபோதுதான் கண்டேன், சுண்டுவிரலில் பாதி இல்லை.

பிறகு ஊரோடு இருந்து வாவியில் வலை போட்டீர்கள். இரவல் வாங்கிய வலையைக் கிழித்துக் கொண்டுவந்த கூட்டாளியிடம் அதை இழுத்துச் சொன்னீர்கள். இனி இந்தப் பக்கம் வராதே என்று பொருள். தேற்றாத்தீவுப் பொடியனைத்தான் கட்டுவேன் என்று மகள் அழுதபோது மெதுவாகச் சொன்னீர்கள், அது சம்மதம். சொன்ன கையோடு தோணியை எடுத்துக்கொண்டு போனவர் பொழுது சாயத்தான் வந்தீர்கள். தோணியில் ஒரு மீனும் இல்லை. இப்படி ஒவ்வொன்றும் எனக்குப் பிடிபட்டது. வலி மட்டும் பிடிபடவில்லை. நோவு இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரே மாதிரித்தான் சொல்வீர்கள்.

வயிற்றைப் பிடித்துக்கொண்டு சோற்றைத் தள்ளிவைக்கத் தொடங்கியபோது, மல்லுக்கட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். வாட்டுக்கு வந்த டொக்டர் ஒரு சிங்களப் பிள்ளை, தமிழ் தெரியாது. வயிற்றைக் காட்டி ஏதோ கேட்டாள். நீங்கள் சிரித்துக்கொண்டு நோ புரொப்ளம் என்றீர்கள். அவளும் சிரித்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனாள். எனக்குச் சிங்களமும் தெரியாது, இங்கிலீசும் தெரியாது. பின்னால் போய் அவளுடைய கையைப் பிடித்தேன். உங்கள் சொல்லில் முன்பாதியை விட்டுவிட்டு, "புரொப்ளம், மிஸ். புரொப்ளம்" என்றேன்.

அவள் திரும்பி வந்து வயிற்றை அமத்திப் பார்த்தாள். நீங்கள் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இருந்தது. ஸ்கேன் எடுத்தார்கள். புற்றுநோய் ஈரல் வரைக்கும் பரவிவிட்டது, இனி வீட்டில் வைத்துப் பாருங்கள் என்று தமிழ் தெரிந்த நேர்ஸ் ஒருவர் என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார்.

வீட்டில் ஒரு பின்னேரம் கஞ்சி பருக்கிக்கொண்டிருந்தேன். நோகுதா என்று கேட்டேன். எப்போதும் கேட்பதுதான். என்ன சொல்வீர்கள் என்று தெரியும் என்பதால், கேட்டுவிட்டு அடுத்த கரண்டியை எடுத்தேன்.

"ஓம் புள்ள," என்றீர்கள். "ஏலாமக் கிடக்கு."

உங்கள் வாயால் அதைக் கேட்க வேண்டும் என்று எத்தனை வருடம் ஏங்கியிருப்பேன். அது வந்தபோது கரண்டியை வைத்துவிட்டு உங்கள் காலைத் தடவிக்கொண்டிருந்தேன். அவ்வளவுதான் என்னால் முடிந்தது. மற்ற எல்லாருக்கும் சிரித்துக்கொண்டு ஒரே பதிலைக் கொடுத்த மனிதர், எனக்கு மட்டும் சொன்ன சொல் அது. அதற்கு என்ன மறுமொழி சொல்லியிருக்கலாம் என்று சோறு வடிக்கும்போதும் முற்றம் கூட்டும்போதும் யோசிக்கிறேன்.