இளவரசன் கதவைத் தாண்டவில்லை

அண்ணா,

அச்சகத்திலிருந்து புத்தகப் பெட்டி வந்தது. பிரித்ததும் புதுத்தாளும் பசையும் கலந்த வாசனை சைனிக்புரி வீடு முழுக்கப் பரவியது. அட்டையில் நம் இரண்டு பேர் பெயரும் இருக்கின்றன. காட்டத்தான் நீ இல்லை.

பள்ளி நாட்களில் அப்பா நம்மைக் கோல்கொண்டாவுக்குக் கூட்டிப்போனார். நீ வாசலில் நின்று கை தட்டினாய்; உச்சியில் நின்ற எனக்கு அது கேட்டது. உன்னைப் பார்க்க முடியவில்லை. "நீ நின்னது வேற கோட்டைட்டி" என்றாய் பிறகு. அன்றிலிருந்து மொட்டைமாடியில் நீ இளவரசன், நான் இளவரசி. ஒரே கோட்டை, இரண்டு உலகங்கள். அவன் உலகத்தில் தங்கை செத்துப்போயிருந்தாள். இவள் உலகத்தில் அண்ணன். கை தட்டும் ஓசை மட்டும் இரண்டுக்கும் நடுவே போய்வந்தது.

அந்த விளையாட்டை நாவலாக்கியது உன் டயாலிசிஸ் நாட்களில். நான் உப்பல் அலுவலகத்தில் வேலை முடித்து ஆஸ்பத்திரிக்கு வருவேன். ஊசி குத்திய கையை அசைக்காமல் நீ சொல்வாய், மடிக்கணினியில் நான் அடிப்பேன். கடைசி அத்தியாயத்தில்தான் சண்டை. இளவரசனின் கோட்டையைப் பகைவர் படை சூழ்ந்திருக்கும்போது உலகங்களுக்கு இடையே ஒரு கதவு திறக்கிறது. தாண்டினால் திரும்ப முடியாது. இளவரசன் தங்கையிடம் வந்துவிட வேண்டும் என்றேன்.

"ஏட்டி, சனங்கள உட்டுட்டு ஓடியாந்தா அவன் என்ன ராசா?"

"கதைதானண்ணே. அவ தனியா என்ன செய்வா?"

நீ டயாலிசிஸ் இயந்திரத்தின் பக்கம் திரும்பிக்கொண்டாய். "இருப்பா. இருந்துதான் ஆவணும்" என்றாய்.

யாரைச் சொன்னாய் என்று எனக்குப் புரிந்தது. புரியாதவள்போல மடிக்கணினியை மூடினேன். அந்த மாதமே நீ போய்விட்டாய்.

நான் பிடிவாதக்காரி. இளவரசனை இந்தப் பக்கம் இழுத்துவந்து, இருவரையும் கட்டிப்பிடிக்க வைத்து முடித்தேன். உன் மகளுக்கு வாசித்துக் காட்டினேன். அவள் தமிழில் தொடங்கி, நடுவே ஹிந்தி கலந்து, தெலுங்கில் முடிக்கிறவள் அல்லவா?

"சூப்பர் அத்தை. லேகின், அவன் விட்டுட்டு வந்த பிள்ளைங்க ஏமய்யாரு?"

ஆனால் அந்தக் கோட்டைப் பிள்ளைகள் என்ன ஆனார்கள் என்று கேட்கிறாள். கேட்டது உன் மகள்.

அத்தியாயத்தை அழித்துவிட்டு மறுபடி எழுதினேன். இளவரசன் கதவுவரை வருகிறான். தங்கையின் முகத்தை ஒருமுறை பார்க்கிறான். பின்னால் குழந்தைகள் அழும் சத்தம் கேட்டுத் திரும்பிப் போகிறான். கதவு மூடிக்கொள்கிறது. இளவரசி அங்கேயே உட்கார்ந்து அழுகிறாள். பிறகு எழுந்து, தஞ்சம் கேட்டு வெளியே நிற்பவர்களுக்காகத் தன் கோட்டை வாசலைத் திறக்கச் சொல்கிறாள். நீ கேட்ட முடிவுதான். எழுதி முடித்த அன்றைக்கு உன்மேல் எனக்குக் கோபம் கோபமாக வந்தது.

அலுவலகத்தில் எனக்குத் தெலுங்கு, கடையில் ஹிந்தி, உன் மகளோடு எல்லாம் கலந்த ஒன்று. நம் வீட்டுத் திருநெல்வேலிப் பேச்சைப் பேச இந்த ஊரில் எனக்கு இனி ஆளில்லை. ஆனாலும் அது வாயை விட்டுப் போகவில்லை. வேலை முடிந்து பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, உதடு அசையாமல், வீடு வரும்வரை உன்னோடு சண்டை போட்டுக்கொண்டே வருகிறேன்.