பதினாலாவது மாடியில் மண் இல்லை

என் முன்னால் எண்ணெய் ஊறிய செய்தித்தாள் துண்டு ஒன்று இருக்கிறது. போன வாரம் மசால்வடை மடித்து வந்தது. அதை நானே படித்தேன். ஆமாம், உன் புருஷன்தான்! முதியோர் வகுப்பில் எழுத்துக்கூட்டப் பழகிவிட்டேன். சத்தம்போட்டுப் படித்ததில் டீ ஆறிப்போனது, அவ்வளவு சந்தோஷம்.

படித்து முடித்ததும் கோபம் வந்தது.

வடக்கே பனிப்பிரதேசத்தில் இனுயிட் என்று ஒரு இனத்தாராம். மனம் சுணங்கினால் சொந்தபந்தத்தோடு வெளியே நிலத்துக்குப் போவார்களாம், வேட்டைக்கும் மீனுக்கும். நிலமும் உறவும் விலகினால் மனமும் நோகும் என்கிறார்களாம். இதைத்தானே நீ கத்திக் கத்திச் சொன்னாய்?

மர்பி டவுன் வீட்டில் இரண்டு மாடு வைத்திருந்தாய். விடிந்ததும் தெருப் பெண்களோடு புல்லறுக்கப் போவாய். உங்கள் சிரிப்பு தெருமுனைவரை கேட்கும். மகன் மாடுகளை விற்கவைத்து, வைட்ஃபீல்டில் பதினாலாவது மாடிக்கு நம்மைக் கொண்டுபோனான்.

"காத்து எப்டி வருது பாத்தியாம்மா?"

"காத்த வச்சிக்கினு இன்னாடா பண்றது? காலுக்கு மண்ணு வேணும்டா."

கீழே புல்தரையில் போய் உட்கார்ந்தாய். "எத்தேளி அஜ்ஜி" என்று காவலாளி கன்னடத்தில் எழுப்பி விரட்டினான். மகனுக்கு மானம் போய்விட்டதாம். மறுநாளிலிருந்து நம்மை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு வேலைக்குப் போனான். நீ பேச்சை நிறுத்தினாய். டாக்டர் தூக்கத்தைப் பற்றிக் கேட்டார், பசியைப் பற்றிக் கேட்டார், மாத்திரை கொடுத்தார். இத்தனை வருஷம் தினமும் எங்கே போய்வந்தாய் என்று ஒருவரும் கேட்கவில்லை. ஒரு காலையில் நீ கண் திறக்கவே இல்லை.

நான் மர்பி டவுனுக்கே திரும்பிவிட்டேன். அந்தத் தாளைப் படித்த மறுநாள் மகன் வந்தான்.

"தூக்கமே வரல நைனா. மாத்திர குடுத்துக்கீறாங்க. மனசு ஒரு மாதிரி இருக்குது."

"மாத்திரைய நிறுத்தாத. ஞாயித்துக்கெழம எங்கூட வா."

நேற்று ஹொசகோட்டை பக்கம் ஒரு சிநேகிதரின் கேழ்வரகுக் கொல்லையில் களையெடுக்க இறக்கிவிட்டேன். களையை விட்டுவிட்டுப் பயிரைப் பிடுங்கினான்.

"டேய், எரும கூட பாத்து மேயும்டா!"

மண் ஒட்டிய கையோடு விழுந்து விழுந்து சிரித்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தச் சிரிப்பு உனக்குக் கிடைத்திருக்க வேண்டியது. "ஒன்ன நான் மன்னிக்கல" என்று முகத்துக்கு நேராகச் சொன்னேன். தலை குனிந்தான்.

"அடுத்த ஞாயிறும் வந்துடு" என்றேன், அதே கோபத்தோடு.