பதினோராம் நிமிடத்துக் கொழுப்பு

4 நவம்பர் 2025, செவ்வாய்

காலையிலிருந்து மழை. பாலத்தடியில் அரை மணி நேர நெரிசல். லேப்புக்குள் நுழையும்போதே காலணி நனைந்துவிட்டது.

டீசலில் வளர்த்த தொகுதியைக் கருவியில் மறுபடி ஓட்டினேன். மெர்சிங் படகுத்துறைச் சேற்றிலிருந்து நான் எடுத்து வந்த பாக்டீரியா. டீசலைக் கொடுத்தால் ஆசையாகத் தின்னும். ஆனால் அதே டீசல் அதன் மேல்சவ்வுக்குள் புகுந்து தளர்த்திவிடும். உயிரோடு இருக்க வேண்டுமானால் சவ்வில் இருக்கும் கொழுப்பை அது மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அது எப்படி மாற்றுகிறது என்று பார்ப்பதிலேயே என் மூன்று வருடம் போய்விட்டது.

போன மாதம்தான் அதிர்ஷ்டம் வந்தது. டீசலில் வளர்ந்ததில் மட்டும், கருவியின் வரைகோட்டில் பதினோராம் நிமிடத்தில் ஒரு பீக், கூர்மையான மேடு. சர்க்கரையில் வளர்ந்ததில் இல்லை. யாரும் பதிவு செய்யாத கொழுப்பு என்று என் ஆய்வு வழிகாட்டி டாக்டர் விஜிதா மொத்த லேப்புக்கும் சுடச்சுடக் கறிபாப் வாங்கிக் கொடுத்தார். டிசம்பரில் பினாங்கு மாநாட்டில் அவரே இதைப் பற்றிப் பேசுகிறார்.

இன்று ஓட்டியதில் அந்த பீக் இல்லை. கருவியில் ஏதாவது கோளாறாக இருக்கும்.

6 நவம்பர், வியாழன்

இன்றும் இல்லை. கருவியில் ஒரு கோளாறும் இல்லை.

7 நவம்பர், வெள்ளி

ஞாபகம் வந்துவிட்டது. வராமலே இருந்திருக்கலாம்.

8 நவம்பர், சனி

எழுதிவிடுகிறேன். இங்காவது உண்மையை எழுதலாம்.

தீபாவளிக்கு முந்தைய வெள்ளி. ஊருக்கு, லாபிஸுக்கு ரயில். டிக்கெட் கிடைத்ததே பெரிய பாடு. கண்ணாடிக் குழாய்கள் எல்லாம் கழுவி, உலர்த்தும் அடுப்பில் காய்ந்துகொண்டிருந்தன. ஒரு மணி நேரம் பொறுத்திருந்தால் ரயில் போயிருக்கும். பிளாஸ்டிக் குழாயை எடுத்துக் கொழுப்பைப் பிரிக்கும் குளோரோஃபார்மை ஊற்றினேன். குளோரோஃபார்ம் பிளாஸ்டிக்கிலிருந்து என்னென்னவோ கழற்றிக்கொண்டு வரும், முதல் வருடப் பிள்ளைக்கும் தெரியும். ஒரு நாள்தானே, என்ன ஆயிடப் போவுது. அப்படித்தான் நெனச்சேன்.

குறிப்பேட்டில் ‘கண்ணாடி’ என்று எழுதினேன். குழாயின் அழுக்கைக் காட்டிக்கொடுக்கும், பாக்டீரியா இல்லாத வெற்றுக் குழாயையும் அன்று ஓட்டவில்லை. முந்தைய வாரத்து எண்ணையே அந்த இடத்தில் எழுதிவிட்டு ஓடினேன். டீசல் தொகுதி முழுக்க அன்று செய்தது. சர்க்கரைத் தொகுதி அதற்கு முன்பே, கண்ணாடியில் முடித்தது.

அப்படியென்றால் அந்த பீக் என்ன?

10 நவம்பர், திங்கள்

டாக்டர் கூப்பிட்டார். பீக் திரும்ப வரவில்லை என்று மட்டும் சொன்னேன். திரையைப் பார்த்தவர், “குழாய்ல சோப்பு ஒட்டியிருந்தா சிக்னலை அமுக்கிடும். ஐயாசாமி சரியா அலசுறது இல்ல போல. வயசாச்சு” என்றார்.

ஐயாசாமி அண்ணன் எங்கள் லேப் உதவியாளர். செடெனாக்கிலிருந்து தினமும் மோட்டாரில் வருவார். பதினாறு வருடமாக இந்த லேப்பின் குழாய்களைக் கழுவுகிறவர்.

இல்லை டாக்டர் என்று வாய் வரை வந்தது. “இருக்கலாம் டாக்டர்” என்றேன். நானேதான் சொன்னேன்.

13 நவம்பர், வியாழன்

டாக்டர் சொன்னதிலிருந்து அண்ணன் ஒவ்வொரு குழாயையும் மூன்று தடவை கழுவுகிறார். கையுறைக்குள் விரலெல்லாம் வெடித்திருக்கிறது. மதியம் என் மேசைக்கு வந்து நின்றார்.

“எப்பவும் போலதாம்மா அலசுனேன். இப்ப எனக்கே சந்தேகமா இருக்கு. வீட்டுல சாவிய எங்க வெச்சேன்னு ரெண்டு நாளா மறந்து போறேன். அதுமாரி இதுவும் மறந்திருப்பனோ?”

மறக்கவில்லை அண்ணே என்று சொல்லத் தெரியாதா எனக்கு? மைலோ குடிக்கிறீங்களா என்று கேட்டேன்.

14 நவம்பர், வெள்ளி

எல்லோரும் தொழுகைக்கும் சாப்பாட்டுக்கும் போன நேரத்தில் பிளாஸ்டிக் குழாய் ஒன்றில் வெறும் குளோரோஃபார்மை ஊற்றி ஓட்டினேன். பாக்டீரியா இல்லை, டீசல் இல்லை, ஒன்றும் இல்லை. பத்து நிமிடம் கோடு தட்டையாகப் போனது. வராதே, வராதே என்று உட்கார்ந்திருந்தேன். பதினோராம் நிமிடத்தில் நேராக எழுந்து நின்றது.

படத்தை அச்செடுத்தேன். யாரோ கதவைத் திறந்ததும் திரையை அணைத்துவிட்டேன். திருடி மாதிரி.

17 நவம்பர், திங்கள்

டாக்டர் அறை வாசல் வரை போனேன். திரும்பி வந்துவிட்டேன்.

19 நவம்பர், புதன்

அண்ணனின் ஒப்பந்தம் இந்த மாதக் கடைசியில் முடிகிறது. புதுப்பிக்கும் பாரம் டாக்டர் மேசையில் கிடந்தது. கருத்து எழுதும் இடம் காலி. “வெள்ளிக்கிழமை அனுப்பணும். வேணாம்னு எழுத மனசு கேக்கல, ஆனா என்ன பண்றது” என்றார் டாக்டர்.

சாப்பிட முடியவில்லை. சொன்னால் என்ன ஆகும் என்று வரிசையாக யோசித்துப் பார்த்தேன். மாநாடு போகும். டாக்டர் பேர் போகும். பொய் எழுதினவளை எந்த லேப்பில் சேர்ப்பார்கள்? லாபிஸில் அப்பா பார்க்கிறவரிடமெல்லாம் மக புதுசா ஒண்ணு கண்டுபிடிச்சிருக்கா என்று சொல்லி வைத்திருக்கிறார்.

சொல்லாவிட்டால்? எனக்கு ஒன்றும் ஆகாது. அதை நினைத்தால்தான் இன்னும் பயமா இருக்கு.

20 நவம்பர், வியாழன்

சொல்லிட்டேன்.

21 நவம்பர், வெள்ளி

நேற்று அதற்கு மேல் எழுத வரவில்லை.

போன வெள்ளி ஓட்டியதன் படத்தையும் குறிப்பேட்டையும் மேசையில் வைத்துவிட்டு நின்றேன். டாக்டர் கத்துவார் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் தேவலை. “எல்லா டீசல் சாம்பிளும் பிளாஸ்டிக்கா?” என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“ஐயாசாமி மேல சொன்னப்ப நீ இங்கதான நின்ன?”

தலையை ஆட்டினேன். நின்றேன்தான்.

பொய் எழுதிய இடத்தில் ஒரே கோடு போட்டு அடிக்கச் சொன்னார், கீழே இருப்பது தெரிகிற மாதிரி. பக்கத்தில் ‘பிளாஸ்டிக்’ என்று எழுதி, நேற்றைய தேதி போட்டுக் கையெழுத்து வைத்தேன். பேச்சை விலக்கிக்கொள்வதாகப் பினாங்குக்கு அவரே மின்னஞ்சல் அனுப்பினார். பிறகு அண்ணனின் பாரத்தை எடுத்து, நான் நிற்கும்போதே புதுப்பிக்கச் சொல்லி நிரப்பினார்.

28 நவம்பர், வெள்ளி

பல்கலைக்கழகத்தின் எச்சரிக்கைக் கடிதம் வந்துவிட்டது. படிப்பு இன்னும் ஒரு வருடம் நீளும். லேப்பில் யாரும் என்னோடு சாப்பிட உட்காரவில்லை. அண்ணனிடம் மன்னிப்புக் கேட்டேன். “சரிம்மா” என்றார். குழாய்த் தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

15 டிசம்பர், திங்கள்

டீசல் தொகுதியை முதலிலிருந்து தொடங்கினேன். வெற்றுக் குழாயை முதலில் ஓட்டினேன். சுத்தம். பாக்டீரியா சவ்வில் ஏற்கெனவே பத்துப் பேர் எழுதியிருக்கும் மாற்றம்தான் இருக்கிறது. புதிதாக ஒன்றும் இல்லை.

குழாய்த் தட்டை அண்ணன்தான் கொண்டு வந்தார். அந்தச் ‘சரிம்மா’வுக்குப் பிறகு இன்றுதான் என்னோடு பேசினார். ஒரு குழாயை எடுத்து நகத்தால் தட்டி, சத்தத்தைக் கேட்க வைத்தார்.

“கண்ணாடிதாம்மா. எழுதிக்க.”

குறிப்பேட்டைத் திறந்து எழுதினேன். எழுதி முடிக்கும் வரை அவர் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.