ஜெபத் துணைக்கு மாமனார்

மார்ச் 1, ஞாயிறு

ஆராதனை முடிந்ததும் ஆண்கள் ஐக்கியம் கூடியது. போதகர் இன்று இச்சையைப் பற்றிப் பேசினார். பாதிப் பேர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், நானும்தான். "அதோட மல்லுக்கட்டாதீங்க. மல்லுக்கட்டுறப்பவும் அதையேதானே பாத்துக்கிட்டிருப்பீங்க? ஆண்டவர் பக்கம் திரும்புங்க" என்றார். அதற்கு ஒரு வழியும் வைத்திருந்தார். சீட்டுக் குலுக்கி இரண்டிரண்டு பேராகச் சேர வேண்டும். சோதனை வந்தால் உடனே ஜோடிக்குப் போன் போட வேண்டும். என்ன, ஏது என்று கேட்கக் கூடாது. சேர்ந்து பரமண்டல ஜெபம் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

என் சீட்டைப் பிரித்தேன். மாமனார்.

நாற்பது பேர் உள்ள கூட்டத்தில், எனக்குப் பெண் கொடுத்தவர். மாற்றித் தரலாமா என்று கேட்டேன். "ஆண்டவர் குடுத்த சீட்டு" என்று சொல்லிவிட்டார் போதகர்.

மார்ச் 3, செவ்வாய்

மூக்குக்கண்ணாடி ஃப்ரேம் கம்பெனியிலிருந்து என் கடைக்குப் புது விற்பனைப் பெண் வந்தாள். மாதிரிப் பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாகத் தானே மாட்டிக்கொண்டு, "சார், இது எனக்கு எப்படி இருக்கு?" என்கிறாள். பார்க்காமல் எப்படிச் சொல்வது? கண்ணாடிக் கடைக்காரனுக்குப் பார்ப்பதுதானே பிழைப்பு. அரை டஜன் தேவைப்பட்ட இடத்தில் இரண்டு டஜன் வாங்கிவிட்டேன்.

மாமாவுக்குப் போன் போடவில்லை. இது தொழில் விஷயம்.

மார்ச் 6, வெள்ளி

தொழில் விஷயம் இல்லை.

காலையில் மூன்று முறை தலை சீவினேன். இருப்பதே முப்பது முடி. பதினொரு மணிக்கு அவள் வந்து, "சிரிச்சா சின்னப் பையன் மாதிரி இருக்கீங்க சார்" என்றாள். அதற்கு மேல் என் யோக்கியதை தாங்கவில்லை. கண் சோதிக்கும் இருட்டறைக்குள் புகுந்து கதவைச் சாத்திக்கொண்டு மாமாவுக்குப் போட்டேன்.

"மாமா..."

"சரி மாப்பிள்ளை. ஆரம்பிக்கலாமா?"

பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவர்கள் போலச் சொன்னோம். சோதனை என்ற சொல் வந்த இடத்தில் இருவருமே இருமினோம். அதற்குள் வாடிக்கையாளர் யாரோ மணியடிக்க, முடிக்காமலே வைத்துவிட்டேன்.

மார்ச் 7, சனி

இன்று மாமாவே கூப்பிட்டார். அறுபத்தாறு வயது. அத்தை போய் ஐந்து வருடம். முழங்கால் வைத்தியத்துக்குப் போன இடத்திலிருந்து பேசினார். பின்னால் ஒரு பெண் குரல், "காலை நல்லா நீட்டுங்க" என்றது. கேட்கக் கூடாது. கேட்கவில்லை. மண்டை வெடிக்கிறது.

மார்ச் 13, வெள்ளி

மாமா நான்கு முறை. நான் இரண்டு. ஒரு முறைகூட ஜெபத்தை முழுதாக முடிக்கவில்லை.

மார்ச் 15, ஞாயிறு

மனைவி தன் தங்கையிடம் போனில், என் காதில் விழும்படி: "எங்க வீட்டுக்காரர் அப்பா மேல உயிரையே வச்சிருக்காரு. பொழுதுக்கும் போன்தான்." எனக்குப் புரையேறிவிட்டது.

மார்ச் 24, செவ்வாய்

வெள்ளிக்கிழமை பக்கத்து நகரத்தில் ஃப்ரேம் கண்காட்சியாம். "வாங்க சார், கம்பெனியே ஹோட்டல்ல ரூம் போட்டிருக்கு. நானும் அங்கதான் தங்குறேன்" என்றாள். சும்மா சொன்னாளா, சும்மா இல்லாமல் சொன்னாளா? அவளுக்கு வெறும் வியாபாரமாக இருக்கலாம். எனக்கு இல்லை, அதுதான் வம்பு.

வீட்டில் "வியாபார விஷயமா போறேன்" என்றேன். மனைவி என் நல்ல சட்டையை எடுத்து இஸ்திரி போட்டு வைத்தாள். பாவி நான். மாமாவுக்குப் போன் போடவில்லை — போட்டால் போக முடியாது என்று தெரியும்.

மார்ச் 27, வெள்ளி

ரயிலை விட்டு இறங்கினேன். ஹோட்டல் பலகை பிளாட்பாரத்திலிருந்தே தெரிந்தது. கால் அந்தப் பக்கம் போகிறது, கை போனை எடுக்கிறது.

"ஆரம்பிக்கலாமா?" என்றார் மாமா. பின்னால் ரயில் அறிவிப்பு ஓடியது. அவர் முதல் முறையாக விதியை மீறினார்.

"எந்த ஊர் ஸ்டேஷன்?"

சொன்னேன்.

"திரும்புற ரயில் எப்போ?"

"ரெண்டேகாலுக்கு."

"ஏறுங்க. நான் நம்ம ஸ்டேஷன்ல நிக்கிறேன். ஏறுற வரைக்கும் போனை வைக்காதீங்க."

நாற்பது நிமிடம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச நேரம் முழங்காலைப் பற்றிப் பேசினார், பிறகு அவர் மூச்சுச் சத்தம் மட்டும். ஆண்டவரே, எனக்குத் திரும்பிப் போக மனசில்ல, அந்த மனசையும் நீங்கதான் தரணும் — இப்படி மனதுக்குள் சொன்னேன். பல வருடங்களில் நானாக ஆண்டவரிடம் சொன்ன முதல் பேச்சு அது. மனசு வந்ததா என்று தெரியவில்லை. ரயில் வந்தது, ஏறினேன்.

மாமா கைத்தடியோடு நின்றிருந்தார். முழங்கால் வீங்கியிருந்தது. ஒன்றும் கேட்கவில்லை.

மார்ச் 28, சனி

மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஒரே துண்டை நான்கு முறை மடித்தாள்.

"போன் எதுக்குன்னு போதகர் சம்சாரம் முதல் வாரமே சொல்லிட்டாங்க. சபையில எல்லாப் பொண்டாட்டிக்கும் தெரியும். ஆனா ரயில் வரைக்கும் போவீங்கன்னு நெனைக்கல." அழுதாள். எனக்குச் செத்துவிடலாம் போல இருந்தது. பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, "கோவம் தீரல. ஆனா திரும்பி வந்துட்டீங்க" என்றாள். வாசல் வரை போய்த் திரும்பி, "போன் கணக்குல அப்பா உங்களைவிட மோசம்" என்றாள்.

எனக்குக் கூடத்தில் பாய்.

மார்ச் 31, செவ்வாய்

மாதிரிப் பெட்டி வந்தால் இனி கடையில் பங்குள்ள என் கூட்டாளி பார்த்துக்கொள்வார். ஒப்புக்கொண்டார். மாமா முழங்காலுக்கு ஆண் வைத்தியரிடம் மாறிவிட்டாராம். வலி கூடிவிட்டது என்கிறார்.

ஏப்ரல் 8, புதன்

நேற்று பாய் உள்ளே போயிற்று. இன்று கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தேன். மாமாவைக் கூப்பிட்டேன்.

"எந்த ஸ்டேஷன் மாப்பிள்ளை?" என்றார் எடுத்த எடுப்பில்.

"கடையிலதான் இருக்கேன் மாமா. சும்மா ஜெபம் பண்ணலாமேன்னு."

"சோதனை ஏதும்..."

"இல்ல மாமா. சும்மாதான்."

நாற்காலி இழுபடும் சத்தம். "இருங்க, உக்காந்துக்கிறேன்" என்றார். இத்தனை நாளும் நின்றுகொண்டேதான் சொல்லியிருக்கிறார் போல.

மெதுவாகச் சொன்னோம். யாரும் இருமவில்லை. இன்றைக்குத்தான் ஆமென் வரை போனோம்.