அறிமுகம் செய்தவர் பெயர்

அப்பா,

அந்தக் குக்கரை இன்று காலை அம்மா பழைய இரும்புக்காரருக்குப் போட்டுவிட்டாள். அட்டைப்பெட்டியைக்கூடப் பிரிக்கவில்லை. "புதுசால்லா இருக்கு?" என்று அவர் இரண்டு தடவை கேட்டார். "கண்ணு முன்னால இருந்து வயித்தெரிச்சலக் கெளப்புது அண்ணாச்சி, கொண்டு போங்க" என்றாள்.

அந்தக் குக்கரைக் கையில் வாங்கிக்கொண்டு நீங்கள் சிரிக்கும் படம்தான் இலஞ்சி முழுக்க நோட்டீஸாகப் போனது. 'ஓய்வுபெற்ற ஏட்டையாவே நம்பும் நிறுவனம்' என்று கீழே அச்சடித்திருந்தான். உங்களோடு வேலை பார்த்தவரின் மகன். வாய்க்கு வாய் பெரியப்பா என்றவன். ஓய்வுபெறும்போது வந்த பணத்தை, அம்மாவின் முழங்கால் ஆபரேஷனுக்கென்று வைத்திருந்ததையும் சேர்த்து, அவன் நிதி நிறுவனத்தில் போட்டதற்கு அவன் தந்த பரிசு அது. சில மாதம் வட்டி வந்தது. பிறகு தென்காசி அலுவலகத்தில் பூட்டுத் தொங்கியது.

நீங்கள் அதை என்னிடமிருந்து மறைத்தீர்கள். ஒரு கல்யாண வீட்டில் அம்மாவின் கழுத்தில் சங்கிலி இல்லாததைப் பார்த்து நான் கேட்டேன். அதையும் அடகு வைத்துப் போட்டிருந்தீர்கள். வீட்டுக்கு வந்ததும் கத்தினேன். "முப்பது வருஷம் திருடனப் பிடிச்ச ஆளுக்கு, வீட்டுக்குள்ள வந்து காப்பி குடிச்ச திருடனத் தெரியலையோ?" அம்மா என் வாயைப் பொத்த வந்தாள். நீங்கள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தீர்கள்.

புகார் கொடுக்கச் சொன்னால் மறுத்தீர்கள். பொருளாதாரக் குற்றப்பிரிவு அலுவலகம் வரைக்கும் கூட்டிப்போயும் வாசலிலேயே நின்றுவிட்டீர்கள். "எம் படத்தப் பாத்துல்லா ஒம்பது குடும்பம் போட்டுருக்கு. எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு நானும் ஏமாந்தேன்னு சொல்லுதது?" என்றீர்கள்.

அதன்பிறகு அந்த ஒன்பது வீட்டுக்கும் சைக்கிளில் போனீர்கள். தறிக்காரர் ஒருவர், "கமிஷன் எவ்வளவு வே வாங்குனீரு?" என்று முகத்துக்கு நேரே கேட்டிருக்கிறார். அவருக்கும் உட்கார்ந்து மனு எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் வந்தீர்கள். நம் வீட்டு மனுவை மட்டும் 'எழுதலாம், எழுதலாம்' என்று தள்ளிப்போட்டீர்கள். மாசியில் நெஞ்சுவலி வந்தது. ஒரு ராத்திரிகூடத் தாங்கவில்லை.

நேற்று ஐந்தருவிக்குப் போகும் வழியில் அவனைப் பார்த்தேன். கைதாகி ஜாமீனில் வந்தவன் சாரலில் குளிக்க வந்திருக்கிறான். தலை நிறைய எண்ணெய். "அக்கா, பெரியப்பா சௌக்கியமா இருக்காவளா?" என்றான்.

"செத்துப் போயிட்டாவ. நீ நல்லாக் குளி" என்றேன். வண்டியைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

இன்று மதியம் அம்மாவைக் கூட்டிக்கொண்டு அதே அலுவலகத்துக்குப் போனேன். சுவரைப் பிடித்துப் பிடித்து மாடி ஏறினாள். "அவங்க குடுத்ததா ஒரு புகாரும் இல்லையேம்மா. புகார் இருந்தாத்தான் பறிமுதல் செஞ்சதுல ஏதாவது கிடைக்கும். வாரிசுன்னு நீங்க இப்பவும் குடுக்கலாம்" என்றார் அதிகாரி. மாதிரிக்குப் பழைய மனுக்கட்டு ஒன்றை எடுத்து வைத்தார். ஒன்பது மனுக்கள். ஒன்பதும் உங்கள் கையெழுத்து.

ஒவ்வொன்றிலும் 'நிறுவனத்தை அறிமுகம் செய்தவர்' என்ற இடத்தில் உங்கள் பெயரை எழுதியிருந்தீர்கள். தகப்பனார் பெயர், முகவரி, ஓய்வுபெற்ற தலைமைக் காவலர் என்பதுவரை, குற்றவாளிக்கு எழுதுவதுபோல. அந்தப் படுபாவியின் பெயர் அதற்குக் கீழே இரண்டாவதாக இருந்தது.

எப்படியப்பா மனசு வந்தது? அவன் அருவியில் குளிக்கிறான். நீங்கள் ஒன்பது தாளில் உங்களையே பிடித்துக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறீர்கள். அன்று கத்தி, அதற்கு முதல் வரியை எடுத்துக் கொடுத்தவள் நான்தானே.

பத்தாவது மனுவை அம்மா சொல்லச் சொல்ல நான் எழுதினேன். அறிமுகம் செய்தவர் என்ற இடத்தில் அவன் பெயரை எழுதும்போது, அழுத்தின அழுத்தில் பேனா தாளைக் கிழித்துவிட்டது. அதிகாரி வேறு தாள் கொடுத்தார்.

"ஏமாந்தது யாருன்னு போடணும்?" என்று அம்மாவிடம் கேட்டேன்.

"ஒங்கப்பான்னு போடு" என்றாள். "கொட்டையா எழுது."

எழுதினேன். கிழிந்த தாளுக்கு வேறு தாள் கிடைத்தது. அன்று உங்களைப் பார்த்துக் கத்தினதை நான் எந்தத் தாளில் மாற்றி எழுதுவேன், அப்பா?